தெரிந்து கழன்றதா, தெரியாமல் கழன்றதா

மேலகரம் பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் எங்கேயோ ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு மதினி வீடு வந்து சேர்ந்த சாயங்காலம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்காலாக இருந்தது. புழுதி அப்பி, கட்டைவிரல் ஓரம் சிராய்த்து ரத்தம் கசிந்திருந்தது. அம்மாதான் முதலில் பார்த்தாள். இன்னொரு செருப்பு எங்கே என்று அவள் கேட்டதும் மதினி குனிந்து தன் காலைப் பார்த்தாள். யாருடைய காலையோ பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன். ஒற்றைச் செருப்போடு தென்காசியிலிருந்து வந்து நிற்கிற ஒரு டீச்சரைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? செருப்பைத் தேடி நான் ரோட்டுக்குப் போனேன். சீசன் நேரம். குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. மங்குஸ்தான் விற்கிற தள்ளுவண்டிக்காரர் செருப்பை எடுத்து ஓரமாக வைத்திருந்தார். கையில் வாங்கிப் பார்த்தேன். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத செருப்பு. குதிகால் பக்கம் புதிதாக இருந்தது, முன்நுனி மட்டும் சாய்வாகத் தேய்ந்து தாள்போல ஆகியிருந்தது. இப்படியா காலை இழுத்து இழுத்து நடப்பாள், கொஞ்சம்கூட அக்கறை கிடையாது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நோய் என் கையில் இருந்தது. நான் அதைச் செருப்பு என்று நினைத்தேன்.

மதினி என் அண்ணன் மனைவி. செங்கோட்டைக்காரி. பேச்சில் அங்கங்கே மலையாளம் எட்டிப் பார்க்கும். அண்ணன் ராணுவத்தில் வடக்கே எல்லையில் இருந்தான், வருஷத்துக்கு இரண்டு தடவை லீவில் வருவான். மதினி தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சர். காலையில் அம்மாவுக்குச் சமையலில் ஒத்தாசை செய்து, நான்கு வயது மகளைக் கிளப்பி, நகர்ந்துவிட்ட பஸ்ஸை ஓடிப் பிடித்து ஏறுகிறவள். கண்டக்டர்களே அவளுக்காக ஒரு விசிலைத் தாமதிப்பார்கள். அப்படி ஓடியவள் ஒரு வருஷத்துக்குள் சுவரைப் பிடித்து நடக்கிறவளாக மாறினாள். அதை ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் மூன்று வேளையும் பார்த்தோம். பார்த்தோம் என்று எழுதவே கை கூசுகிறது.

நடு முதுகில் வலி என்று சொன்னாள். படுத்தால் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது என்றாள். எழுந்து நிற்கும்போது கால் விறைக்கிறது என்றாள். ஒருநாள் என்னிடம் தனியாக, "எங்காலு எம்பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றாள். இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி எப்படிச் சொல்ல முடியும்? நான் அப்போது தென்காசியில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்ட். மருந்தைப் பற்றி இரண்டு வருஷம் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். வலி மாத்திரை எடுத்து வந்து கொடுத்தேன். அது கேட்காதபோது இன்னும் கடுமையான மாத்திரை கொடுத்தேன். நரம்பு ஊசி என்று எங்கள் ஊரில் எல்லோரும் விரும்பிப் போட்டுக்கொள்கிற அந்தச் சிவப்பு ஊசியைப் பத்து நாள் தொடர்ந்து போட ஏற்பாடு செய்தேன். எங்கள் வீட்டில் ஒருத்தி மெடிக்கலில் இருக்கிறாள் என்பதுதான் மதினிக்குப் பிடித்த பெரிய சனி. நான் இல்லாமல் இருந்திருந்தால் அவள் சீக்கிரமே டாக்டரிடம் போயிருப்பாள்.

செருப்பு திரும்பத் திரும்பக் கழன்றது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள், சந்தையில் ஒருநாள், கோயில் வாசலில் ஒருநாள். அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். அளவு பெரிது, அதனால்தான் கழல்கிறது என்று ஒரு எண் குறைத்து வாங்கிக் கொடுத்தாள். அதுவும் கழன்றது. பிறகு குதிகாலைச் சுற்றி வார் போட்டுப் பூட்டுகிற செருப்பாக நானே தென்காசியில் தேடி வாங்கி வந்தேன். அதோடு செருப்பு கழல்வது நின்றுவிட்டது. எங்களுக்கு அவ்வளவு திருப்தி. மருமகளுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்கிற வீடு என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வேறு. உடம்பு கதறிக் கதறிச் சொன்ன ஒரே அடையாளத்தையும் வார் போட்டுக் கட்டி வாயை அடைத்தோம்.

அதே மாதத்தில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியமானவள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். மதினி அடுக்களையிலிருந்து தட்டோடு வந்தாள். வலது காலை அரைவட்டமாக வீசி, தரையில் இழுத்து, அடுத்த அடி வைத்தாள். அவள் பின்னாலேயே மகள் வந்தாள், அம்மாவைப் போலவே காலை வீசி, இழுத்து, முகத்தைக்கூட அப்படியே வைத்துக்கொண்டு. கூடமே கைதட்டியது. இன்னொரு தடவை நடந்து காட்டு என்று கேட்டு நடக்க வைத்தார்கள். மதினியும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். நான்கு வயதுக் குழந்தை அத்தனை துல்லியமாகக் கவனித்திருந்த நடையை, அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர்களில் ஒருவர்கூட என்ன ஏது என்று கேட்கவில்லை.

டாக்டரிடம் போகவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனோம். கூட்டம் நெரிந்தது. வலி எங்கே என்று கேட்டார். மதினி கையைப் பின்னால் கொண்டுபோய், எட்டிய இடத்தைக் காட்டினாள். நடு முதுகு யாருக்கும் கை எட்டாத இடம் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இடுப்புக்கு ஸ்கேன் எழுதினார். இடுப்பில் ஒரு டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருப்பதாக முடிவு வந்தது. எங்கள் ஊரில் முப்பதைத் தாண்டிய பாதிப் பேருக்கு அந்தப் பிதுக்கம் இருக்கும். ஆனால் ஒரு பெயர் கிடைத்துவிட்டதல்லவா? அன்றிலிருந்து மதினி என்ன சொன்னாலும் டிஸ்க். கால் விறைத்தால் டிஸ்க், விழுந்தால் டிஸ்க், அவசரத்துக்குப் பாத்ரூம் போய்ச் சேர முடியவில்லை என்றால் அதுவும் டிஸ்க். நடந்து உள்ளே வந்த பெண்ணை ஒரு நிமிடம் நடக்கச் சொல்லிப் பார்த்திருந்தால் போதும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சீட்டு எழுதி அனுப்பிவிட்டார்.

எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பட்டாளத்தில் இருக்கிறவனுக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாது. தாத்தா காலத்திலிருந்து வருகிறது. அங்கே அவன் மனசு கலங்கினால் கை கலங்கும், கை கலங்கினால் உயிருக்கு ஆபத்து என்பது கணக்கு. தாத்தாவின் சாவைக்கூட அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான் சொன்னார்கள். மேலகரத்தில் எங்கள் தெருவில் இருக்கிற பட்டாளத்து வீடுகளில் எல்லாம் இதே வழக்கம்தான். ஆகவே அண்ணன் போன் செய்யும்போதெல்லாம் மதினி, நல்லா இருக்கேன் என்றாள். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் லீவில் வந்த பதினைந்து நாளும் மதினி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலும் நாற்காலியுமாகச் சமாளித்தாள். முதுகுவலி என்று மட்டும் சொன்னாளாம். நாட்டைக் காப்பாற்றப் போனவனுக்குத் தன் பெண்டாட்டியின் கால் போய்க்கொண்டிருப்பது தெரியாமல் பார்த்துக்கொண்டோம், அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

அடுத்த ஆனியில் சாரல் பிடித்தது. அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் அம்மா தீர்மானித்துவிட்டாள். வெளியூர்க்காரன் அத்தனை தூரத்திலிருந்து வந்து குளித்துச் சுகமாகிப் போகிறான், நாம் காலடியில் இருந்துகொண்டு மாத்திரை முழுங்குகிறோம் என்றாள். மூலிகையில் அடித்து வருகிற தண்ணீர் முதுகில் விழுந்தால் டிஸ்க் தானாக உள்ளே போய்விடுமாம். இருபது நாள் கணக்கு. தினமும் காலையில் முதுகில் எண்ணெய் தேய்த்து, ஆட்டோவில் ஐந்தருவிக்குக் கூட்டிப் போவது. நானும் இரண்டு நாள் லீவு போட்டுப் போனேன். பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு மதினி நின்றாள். தண்ணீர் அவள் முதுகில் மத்தளம் கொட்டியதுபோல விழுந்தது. நான் அவள் இடுப்பைப் பிடித்திருந்தேன். சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, தொப்புளுக்கு மேலதான் குளுருது. கீழ குளுரவே இல்ல."

நான் அதை அம்மாவிடம் கத்திச் சொன்னேன். அருவிச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அம்மா முகம் மலர்ந்துபோனது. "பாத்தியா? தண்ணி வேலை செய்யுது. நோக்காடு கீழ எறங்குது" என்றாள். சுற்றி நின்ற பெண்களும் ஆமாம் போட்டார்கள். உடம்பின் பாதிக்குக் குளிர் தெரியவில்லை என்று ஒருத்தி சொல்கிறாள், அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்ட கூட்டம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

ஒன்பதாம் நாள் மதினி அருவியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கால் இரண்டும் மடங்கிவிட்டன. நான்கு பெண்கள் சேர்ந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். நரம்பு சுளுக்கியிருக்கிறது என்று ஒருவரை வரவழைத்துத் தடவினார்கள். மெழுகுப் பொம்மைக்குப் போலக் காலை நீட்டி மடக்கினார்கள். விழுந்த மூன்றாம் நாள் சிறுநீர் போகவில்லை. நர்ஸைக் கூட்டி வந்து குழாய் போட்டுவிட்டார்கள், அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்ததாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் சத்தம் போட்டேன். அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள், அவன் வரட்டும். அவனிடம் சொல்லவும் கூடாது, அவன் வராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவும் கூடாது. ஆறாம் நாள் நான் சட்டத்தை மீறி அண்ணனுக்குப் போன் செய்து அழுதேன். அவன் வந்து சேர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அவளை ஒரு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்குப் போக எனக்கு என்ன தடை இருந்தது? அம்மாவின் முகம்தான் தடை. வேறு ஒன்றும் இல்லை.

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் மூளை, தண்டுவட ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் போனோம். ஐம்பது வயது இருக்கும், மெலிந்த மனிதர். டிஸ்க் என்று அண்ணன் ஆரம்பித்ததும், நீங்கள் சொல்ல வேண்டாம், அவர்கள் சொல்லட்டும் என்று கையமர்த்தினார். வலியைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் குனிந்து மதினியின் காதருகே கேட்டார்.

"நடக்கும்போது செருப்பு கழண்டு விழுந்திருக்காம்மா?"

மதினி தலையை ஆட்டினாள்.

"விழுந்தது தெரியுமா? இல்ல, தெரியாமலே விழுந்துச்சா?"

மதினி அழ ஆரம்பித்தாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். தெரியாமல்தான் சார், தெரியாமல்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தெரிந்து கழன்றால் காலில் பலம் குறைகிறது என்று அர்த்தமாம், தெரியாமல் கழன்றால் உணர்ச்சியும் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். இது ஏதோ அபூர்வமான கேள்வி இல்லை, நரம்பு நோய் பார்க்கிற எல்லோரும் செருப்பு போடுகிற நம் ஊர் ஜனங்களிடம் முதலில் கேட்கிற கேள்வி என்று பின்னால் தெரிந்தது. வீட்டில் நாங்கள் சிரித்த விஷயம் அங்கே பாடம்.

அவர் பஞ்சால் வருடினார், குண்டூசியால் தொட்டார், ஒரு கண்ணாடிக் குழாயில் குளிர்ந்த தண்ணீர் எடுத்துக் காலிலிருந்து மேலே மேலே வைத்துக் கேட்டார். தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் மதினி, குளுருது என்றாள். அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டார். அருவியில் அவள் எனக்குச் சொன்ன அதே கோடு. நடு முதுகுக்கு உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்து கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி வளர்ந்து, தண்டுவடத்தை ஒரு ஓரமாக நசுக்கி நாடாவாக்கி வைத்திருந்தது. புற்றுநோய் இல்லை என்றார். முழுதாக எடுத்துவிடலாம், பெரும்பாலும் திரும்ப வராது என்றார். அம்மா கைகூப்பினாள். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

"இது ரொம்ப மெதுவா வளர்ற கட்டி. உங்களுக்கு வருஷக்கணக்கா டைம் குடுத்திருக்கு. நீங்கதான் எடுத்துக்கல."

அன்றைக்கே ஆபரேஷன். முதுகெலும்பின் பின்பக்கத்தைத் திறந்து, மைக்ராஸ்கோப் வைத்து, தண்டுவடத்தில் ஒரு கீறல் விழாமல் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்தார்கள். ஐந்து மணி நேரம். அவர்கள் பங்கில் ஒரு குறையும் இல்லை. கட்டி முழுதும் வந்துவிட்டது. கால் வரவில்லை. மாதக்கணக்கில் பயிற்சி செய்த பிறகு பெருவிரல் அசைந்தது, முட்டி மடங்கியது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு அடி வைக்க முடிந்தது. அதோடு நின்றுவிட்டது. சிறுநீருக்கு இன்றும் குழாய்தான். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அண்ணன் டாக்டரிடம், எப்போது வந்திருந்தால் சரியாகியிருக்கும் என்று கேட்டான். கேட்காமல் இருந்திருக்கலாம். "நடந்து வந்திருந்தா அநேகமா நடந்தே போயிருப்பாங்க" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். அந்த வார்டில் இருந்த முக்கால்வாசிப் பேரிடம் அவர் அதையே சொல்ல வேண்டியிருந்திருக்கும். பக்கத்துப் படுக்கையில் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்த ஒருவரை, வெயில் தாக்கிவிட்டது என்று இரண்டு நாள் மோர் கொடுத்துப் படுக்க வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

இது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. அண்ணன் பென்ஷன் வாங்கி வந்து ஒரு வங்கியில் காவல் வேலை பார்க்கிறான். எனக்குக் கல்யாணமாகிக் குத்துக்கல்வலசைக்குப் போய்விட்டேன். மதினியை அம்மாதான் பார்த்துக்கொள்கிறாள். காலையில் தூக்கி உட்கார வைப்பதிலிருந்து, துடைத்து, உடுத்தி, தலை வாரிவிடுவது வரை எல்லாம் அவள்தான். பெற்ற மகளைப் போலப் பார்க்கிறாள் என்று ஊரே மெச்சுகிறது. பொய்யும் இல்லை. அதனால்தான் என் கோபத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. அதற்கும் சென்ற மாதம் ஒரு வழி பிறந்தது. வீட்டுக்கு வந்த தூரத்து உறவுக்காரி ஒருத்தி மதினியைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். அம்மா அவளுக்குக் கதை சொன்னாள். எத்தனை டாக்டர் பார்த்தும் தெரியாத நோயை ஐந்தருவிதான் காட்டிக் கொடுத்ததாம். அன்றைக்கு அருவியில் கால் மடங்கியிருக்காவிட்டால் உயிரே போயிருக்குமாம். "அந்த அருவித்தாயிதான் இவள எங்களுக்குத் திருப்பித் தந்தா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அதை நம்பித்தான் சொன்னாள். ஏழு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அது அவளுக்கு உண்மையாகிவிட்டிருக்கிறது.

நான் கத்திவிட்டேன். செருப்பிலிருந்து ஆரம்பித்து, வார், குழந்தை நடந்து காட்டியது, குளிர் தெரியாதது, அவன் வரட்டும் என்று பத்து நாள் போட்டு வைத்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். உறவுக்காரி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்மா அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெஞ்சில் இருந்த பாரத்தை இறக்கிவிட்ட நிம்மதியில் நான் நின்றேன். மதினி தன் அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். எனக்காக நீயாவது கேட்டாயே என்று சொல்லப் போகிறாள் என்றுதான் போனேன். அவள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அடுக்களைக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினாள்.

"நீ கோவப்பட்டுட்டு பஸ் ஏறிப் போயிருவ. எனக்குக் கோவம் இல்லன்னா நெனைக்க? நாளைக்குக் காலைல நான் ஒங்க அம்மா கையப் புடிச்சுத்தான எந்திரிக்கணும்."

மதினியின் பொறுமையை இந்த ஊர் ஏழு வருஷமாகப் புகழ்கிறது. நானும் புகழ்ந்திருக்கிறேன். அவளுக்குக் கோபப்படக்கூட இன்னொருவர் கை வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எழுந்து வாசலுக்கு வந்தேன். அடுக்களைக் கதவு இன்னும் சாத்தியே இருந்தது.

வாசல் ஓரத்தில் செருப்பு வைக்கிற தட்டில் மதினியின் செருப்பு இருந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது நான் வாங்கிக் கொடுத்தது, அதே குதிகால் வார் வைத்த மாதிரி. வலது செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முன்நுனி தேயவில்லை. அடியில் கட்டம் கட்டமாக இருக்கிற கோடுகள் அப்படியே இருந்தன. நடுவில் ஆறு என்ற எண் கடையில் பார்த்தபோது இருந்ததைப் போலவே துலக்கமாக இருந்தது. அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு என் செருப்பை மாட்டிக்கொண்டேன். மேலகரம் பஸ் நிறுத்தத்துக்கு ஐந்து நிமிடம் நடந்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.